இரண்டாம் சாட்சி நின்ற இடம்

ஜூன் 3, திங்கள்

மோட்டார் ஓடவில்லை. கீழ்வீட்டிலிருந்து நான்கு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். பத்தரை மணிக்குப் பயிற்சி மையத்து ஜீப் வாசலில் வந்து நின்றது. அறுபத்து நான்கு வயதில் ஒருத்தி போலீஸ் ஜீப்பில் ஏறினால் ஒரு தெருவில் எத்தனை ஜன்னல் திறக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

மையத்தின் பொறுப்பாளர் ஆய்வாளர் நடேசபாண்டியன். புதிதாக வேலைக்கு வந்த உதவி ஆய்வாளர்கள் பதினேழு பேருக்கு, போதைப்பொருள் கடத்தல் வழக்குகளைப் புலனாய்வு செய்ய மூன்று வாரப் பயிற்சி. சட்டம் சொல்ல ஒரு வழக்கறிஞர், பொருளைச் சோதிப்பது பற்றிச் சொல்ல ஆய்வகத்திலிருந்து ஒருவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியை எதற்கு என்று கேட்டேன்.

"புடிக்கிறதெல்லாம் நல்லாத்தான் புடிக்கிறாங்க டீச்சர். எழுதும்போது கோட்டை விட்டுடுறாங்க. மகஜர்ல நாலு வரி சரியா இல்லன்னா, எதிரி சிரிச்சிக்கிட்டே வெளிய போயிடுறான். பாத்ததைப் பாத்தபடி எழுத இவங்களப் பழக்கிவிடுங்க."

எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். மகஜர் என்றால் சோதனை நடக்கும் இடத்திலேயே எழுதும் பத்திரம். எத்தனை மணிக்குப் போனோம், எங்கே என்ன கிடைத்தது, எடை எவ்வளவு. போலீஸ் அல்லாத இரண்டு சாட்சிகள் கூடவே நின்று பார்த்துக் கீழே கையெழுத்திட வேண்டும். இதையெல்லாம் அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். நானும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

முதல் வகுப்பு. மேஜைமேல் என் டிபன் டப்பாவை வைத்து, பார்த்ததை எழுதச் சொன்னேன். பதினைந்து பேர் 'உணவு அடங்கிய டப்பா' என்று எழுதியிருந்தார்கள். திறந்து காட்டினேன். உள்ளே பழைய சட்டைப் பொத்தான்கள்.

"திறக்கறதுக்கு முன்னாடியே சோறுன்னு எழுதிட்டியேப்பா" என்றேன்.

பரணிதரன் என்ற பையன், எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பவன், எழுந்தான். "மேடம், பன்னெண்டரை மணி. பசி எழுதிடுச்சு மேடம்." வகுப்பே சிரித்தது.

சரியாக எழுதிய இரண்டு பேரில் ஒருத்தி ரோஸ்லின். கடலோரத்துப் பெண். 'மூடிய எவர்சில்வர் டப்பா ஒன்று. உள்ளே என்ன என்று தெரியாது' என்று எழுதியிருந்தாள். பலகையில் பெரிதாக எழுதினேன்: பார்க்காததை எழுதாதே. எழுத்து கோணலாக வந்தது. சாக்பீஸ் பிடித்து ஆறு வருஷம் ஆகிறதல்லவா.

ஜூன் 6, வியாழன்

நடேசபாண்டியன் ஒரு பழைய வழக்குக் கட்டைக் கொடுத்தார். மணல்துறை என்ற மீனவக் குடியிருப்பில் ஒரு வீடு. அலமாரியின் அடித்தட்டில் இருபத்திரண்டு கிலோ கஞ்சா. எதிரிக்குப் பத்து வருஷம்.

"இதுதான் டீச்சர் மாதிரி வழக்கு. இந்த மகஜரப் படிங்க, கண்ணு முன்னால நடக்கற மாதிரியே இருக்கும்."

பெயர்களை எல்லாம் கறுப்பு மை பூசி மறைத்திருந்தார்கள். எதிரி, முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி என்று மட்டும் இருந்தது. படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறது.

மைதானத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய காவலர் குடியிருப்பு ஒன்றை அந்த வீட்டைப்போல் மாற்றி, வழக்கை அப்படியே நடித்துப் பார்ப்பது திட்டம். இட வரைபடம் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தது. பிள்ளைகள் இரும்பு அலமாரியைத் தூக்கிக்கொண்டு நடுவீட்டில் நின்றார்கள். வெயில். பாவமாக இருந்தது. வடமேற்கு மூலையில் வைக்கச் சொன்னேன். கட்டில் கிழக்குச் சுவரோரம், தலைமாடு தெற்கே. சமையலறை வாசலில் தண்ணீர்க் குடம் ஒன்று.

நான்கு மணிக்கு வரைபடம் வந்தது. பரணிதரன் அதையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், எப்படி மேடம்? கட்டில் மொதக்கொண்டு கரெக்டா இருக்கு!"

மகஜரைக் கவனமாகப் படித்தால் தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். மகஜரில் கட்டில் இல்லை. வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் 8, சனி

மோட்டார் வந்துவிட்டது. ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கினேன். வேறு விசேஷமில்லை.

ஜூன் 10, திங்கள்

இன்று முதல் ஒத்திகை. பரணிதரன் எதிரி. லுங்கி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ரோஸ்லின் சோதனை நடத்தும் ஆய்வாளர். ஒருவர் எடைபோட, ஒருவர் எழுத, ஒருவர் முதல் சாட்சி. இரண்டாம் சாட்சியாக நிற்கவேண்டிய பையனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியை, மகஜரில் சொன்னபடி அலமாரிக்கு இடப்புறம் போட்டார்கள்.

மகஜரில் உள்ள மணிப்படியே நடந்தது. பதினொன்று இருபதுக்குக் கதவைத் தட்டினார்கள். பதினொன்று முப்பதுக்கு அலமாரியைத் திறந்தார்கள். திறந்த கதவு இடப்பக்கம் மடிந்து போய் நாற்காலியை இடித்து, அப்படியே மறைத்துக்கொண்டது.

"மேடம், ரெண்டாம் சாட்சி கதவுக்குப் பின்னால மாட்டிக்கிட்டாரு" என்றான் பரணிதரன்.

ரோஸ்லின் மண்டியிட்டு, நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் கண் எங்கே வருமோ அந்த உயரத்தில் தன் கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு நின்று பார்த்தாள். "கதவோட முதுகுதான் மேடம் தெரியுது. அடித்தட்டு தெரியவே இல்ல. ஆனா பொட்டலத்த எடுக்கறதப் பாத்தேன்னு இருக்கு."

பழைய வீட்டு அலமாரி வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

கண்ணை மூடினால் அந்த வீடு தெரிகிறது. பச்சை அலமாரி. ஐந்தடி உயரம். நான் இடப்புறம் நிற்கிறேன். பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பழுப்புக் காகிதம், சணல் கயிறு. நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 12, புதன்

காய்ச்சல்காரப் பையன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் இரண்டாம் சாட்சியாக நிற்க மாட்டேன் என்கிறான். "நாற்காலியே இருக்கட்டும் மேடம். அது செட்டாயிடுச்சு." யாரோ அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, முதுகுப் பக்கம் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். ஏன் பொட்டு என்று கேட்டேன். கோர்ட் தீர்ப்பில் 'அச்சாட்சி தம் பணியிடத்தில் நற்பெயர் பெற்ற பெண்மணி' என்று வருகிறதாம்.

மகஜரின் மணிக்கணக்குப்படி பதினொன்று ஐம்பதுக்கு எதிரியிடம் அவனுக்குள்ள உரிமைகளைச் சமையலறையில் வைத்துச் சொல்கிறார்கள். அதை இரண்டாம் சாட்சி கேட்கிறார். அதே பதினொன்று ஐம்பதுக்கு நடுவீட்டில் எடை போடுகிறார்கள். அதையும் இரண்டாம் சாட்சி பார்க்கிறார். பிள்ளைகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் நடுவீட்டுக்கும் ஓடினார்கள். எங்கே போட்டாலும் ஒன்று யாருக்காவது வழியை மறித்தது, அல்லது எதையும் பார்க்க முடியாமல் போனது.

"இந்தம்மாவுக்குக் கால் தரையிலயே படல போலருக்கு மேடம்" என்றான் பரணிதரன். "செவுத்துக்குள்ள போறாங்க, வர்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ வந்தபோது நாற்காலிக்கும் ஒரு டம்ளர் வைத்தார்கள். போகும்போது பார்த்தேன், டீ ஆடை கட்டியிருந்தது.

ஜூன் 13, வியாழன்

தீர்ப்பை வாசிக்கும் நாள். ரோஸ்லின் உரக்கப் படித்தாள். அவள் குரல் எடுப்பானது.

"'கதவைத் திறந்ததும் காய்ந்த இலையின் நெடி முகத்தில் அறைந்தது என இரண்டாம் சாட்சி இயல்பாகக் கூறியுள்ளார். நேரில் இராத ஒருவர் இத்தகைய நுட்பத்தைக் கூற இயலாது. எனவே அவர் சம்பவ இடத்தில் இருந்தார் என்பதில் இந்நீதிமன்றத்துக்கு ஐயமில்லை.'"

"இந்த ஒரு வரியிலதான்யா ஆளு உள்ள போயிருக்கான்" என்றார் பின்னால் நின்ற நடேசபாண்டியன். "மொத சாட்சி குறுக்கு விசாரணைல ஒளறிட்டான். ரெண்டாவது சாட்சிதான் கேஸக் காப்பாத்துச்சு. எதிரி தரப்புல அப்பீல் போட்டிருக்காங்க. அஞ்சு வருஷமா கெடக்கு, அடுத்த மாசம் வருது. நிக்காது."

இரவு சாப்பிடவில்லை. மோர் குடித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் போனபோது நாற்காலி வீட்டுக்குள் இல்லை. வேலிக்கு வெளியே, வேப்பமரத்துக்கு அப்பால், வீட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு தார்ச்சாலையைப் பார்த்து நின்றது. துண்டு காற்றில் அசைந்தது. ஒரு கணம் யாரோ பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

ரோஸ்லின்தான் போட்டிருந்தாள். நேற்று மாலை தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கோடு போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அலமாரி, சமையக்கட்டு, திண்ணை, வாசப்படி எல்லாத்துலயும் வெச்சுப் பாத்துட்டேன் மேடம். இங்க வெச்சாத்தான் மத்த எல்லாரும் எழுதினபடி நடமாட முடியுது."

"இங்கேயிருந்து எதையும் பார்க்க முடியாதேம்மா."

"ஆமா மேடம்" என்றாள்.

மத்தியானம் கூட்டிப் பெருக்கும் அம்மா, அலமாரிக்கு இடப்பக்கம் மட்டும் குப்பையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஏன் என்றால், "இந்தப் புள்ளைங்க அங்கதான் பேயி நிக்குதுங்குதுங்க, எனக்கெதுக்கும்மா வம்பு" என்கிறாள்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று நானே இரண்டாம் சாட்சியாக நின்றேன். இந்த விளையாட்டு அளவுக்கு மீறிப் போகிறது. ஒரு நல்ல சாட்சி எப்படிப் பதில் சொல்வார் என்பதற்கு உதாரணம் காட்டினால் அடங்கிவிடும் என்று எண்ணினேன். வகுப்பு நீதிமன்றமாயிற்று. குறுக்கு விசாரணை செய்ய ரோஸ்லின் எழுந்தாள்.

"எத்தனை மணிக்கு வீட்டுக்குள்ள போனீங்க?"

"பதினொன்று இருபது."

"அலமாரி என்ன நிறம்?"

"பச்சை. கைப்பிடி உடைந்து, கயிறு கட்டியிருந்தது."

"எத்தனை பொட்டலம்?"

"பதினொன்று. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. பழுப்புக் காகிதம், சணல் கயிறு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முடிச்சு."

இருபது கேள்விகளுக்கு மேல் இருக்கும். ஒன்றுக்கும் தாளைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். பரணிதரன் விசில் அடித்தான். ரோஸ்லின் மட்டும் தட்டவில்லை.

"மேடம், நீங்க சொன்ன எல்லாமே இந்தக் கட்டுல இருக்கு. கட்டுல இல்லாத ஒண்ணு சொல்லுங்க."

புரியவில்லை என்றேன்.

"அந்த வீட்டுல ஒன்றரை மணி நேரம் நின்னிருக்கீங்க. வெயில் எந்தப் பக்கம் அடிச்சது? வீட்டுல வேற யாரு இருந்தாங்க? அடுப்புல என்ன இருந்துச்சு? பக்கத்துல என்ன சத்தம்? எதுவா இருந்தாலும் பரவால்ல மேடம். ஒண்ணே ஒண்ணு."

கண்ணை மூடினேன். வீடு வந்தது. பச்சை அலமாரி, கட்டில், குடம். வெளிச்சம் எங்கிருந்தும் வரவில்லை. மனிதர்களுக்கு முகம் இல்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். அங்கே சுவரில் 'சமையலறை' என்று எழுத்துதான் இருந்தது.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லோரும் போனபின் ரோஸ்லின் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "மணல்துறை எங்க ஊருக்கு மூணாவது ஊரு மேடம். அந்த வீட்டுக்குப் பின்னால கருவாட்டுக் களம். கருவாடு காயிற நாள்ல பக்கத்து வீட்டுல பொணம் கெடந்தாலும் எங்களுக்கு வாடை தெரியாது. காஞ்ச எல நெடி எப்படி மேடம் தெரிஞ்சிருக்கும்?"

அவள் கதவு வரை போய்த் திரும்பினாள்.

"பேர் மேல மை பூசியிருக்காங்க. ஜன்னல் பக்கம் புடிச்சா எழுத்து தெரிஞ்சுடும் மேடம். அதனால நான் புடிச்சுப் பாக்கல."

ஜூன் 19, புதன்

லீவு சொன்னேன். கீரை வாங்கினேன். ஆய்ந்து வைத்துவிட்டுச் சமைக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

2017 செப்டம்பர். காலாண்டுத் தேர்வு. அன்று காலை பத்திலிருந்து ஒன்று வரை எட்டாம் வகுப்புத் தேர்வு அறையில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். மாலை நாலரைக்கு ஆய்வாளர் அமிர்தகடேசன் பள்ளிக்கு வந்தார். அவர் மகள் என் வகுப்பில் படித்தவள். மரியாதையான மனிதர். இப்போது இல்லை, இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"டீச்சர், ஒரு சின்ன ஒத்தாச. பொருள் நிஜம், ஆளு நிஜம், எடை நிஜம். ரெண்டாவது சாட்சி வரேன்னு சொல்லிட்டு வரல. ஒரு கையெழுத்துதான் கொறையுது. உங்கள மாதிரி ஒரு டீச்சர் போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் இது புதிதல்ல. கிராம உதவியாளரும் ஆசிரியர்களும் இப்படிப் போட்டுக் கொடுப்பது உண்டு. மறுத்தால் மனிதர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். பேனாவைத் திறந்தேன்.

அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. மகஜரைப் படித்தேன். மோசமான தமிழ். ஒரு வாக்கியமும் முடியவில்லை. என் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் எங்கே நின்றார்கள் என்று தெளிவாக்கினேன். என்னை எங்கே நிறுத்துவது என்று பார்த்தேன். அலமாரிக்கு இடப்புறம் தாளில் வெற்றிடமாக இருந்தது. அங்கே நிறுத்தினேன். அப்போதும் உயிரில்லாமல் இருந்தது. பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வேன், வருணனை என்றால் கண் மட்டும் போதாது, காதும் மூக்கும் வேண்டும் என்று. 'காய்ந்த இலையின் நெடி முகத்தில் அறைந்தது' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும் டீச்சர்!" கூட வந்திருந்த ஸ்டேஷன் ரைட்டரைக் கூப்பிட்டு அதையே சுத்தமாகப் படியெடுக்கச் சொன்னார். அதன் கீழே கையெழுத்திட்டேன். எனக்கு அன்று இரவு முழுவதும் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டும் இன்னொரு மகஜர் ஆகிவிடும். சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்துச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கூண்டில் ஏறியபோது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. படித்துப் படித்து நான் அங்கே இருந்தேன். எதிரி முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஆளின் பெயர் வைரக்கண்ணு. பத்து வருஷம் என்று மறுநாள் பேப்பரில் படித்தேன். பிறகு காய்கறி நறுக்கினேன்.

ஜூன் 22, சனி

மணல்துறைக்குப் போனேன். மினி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மீன்பிடித் தடை முடிந்து போன வாரம்தான் படகுகள் கடலுக்குப் போயிருக்கின்றன. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெடி வந்து அடித்தது. களம் முழுக்க வாளையும் நெத்திலியும் காய்ந்துகொண்டிருந்தன. ஈ மொய்க்கிறது, காகம் கத்துகிறது, பெண்கள் கம்பு வைத்து ஓட்டுகிறார்கள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். வேறு எந்த வாசனைக்கும் அங்கே இடமில்லை.

வைரக்கண்ணு வீடு எது என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. வரைபடத்தில் பார்த்திருந்தேன். ஆனால் வாசல் தெற்கே பார்த்திருந்தது. தாளில் கிழக்கு.

களத்திலிருந்து ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"டீச்சரம்மா" என்றாள்.

அவள் செவந்தி, அவர் மனைவி. கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். நான் அவளைப் பார்த்ததாக நினைவில்லை. உள்ளே வாங்க என்றாள். நிழலில் கண் பழகச் சிறிது நேரம் ஆயிற்று. பச்சை அலமாரி. அதே மூலை. தரையெல்லாம் சாமான். பாத்திரம், வலை, துணி மூட்டை, பள்ளிக்கூடப் பை. நடக்க இடமில்லை. அலமாரிக்கு இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தரை வெறுமையாக, மெழுகித் துடைத்ததுபோல் கிடந்தது.

உட்கார இடம் தேடி அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தேன்.

"அங்க நிக்காதீங்க" என்றாள். பிறகு, "இல்ல, நில்லுங்க. அது உங்க எடந்தான்" என்றாள்.

நான் நிற்கவில்லை. கதவில் சாய்ந்துகொண்டேன்.

"கோர்ட்டுல நீங்க எங்கூட்டப் பத்திச் சொல்லச் சொல்ல, எனக்கே புத்தி பேதலிச்சிருச்சும்மா. நாந்தான் பாக்காம விட்டுட்டேனோன்னு தோணிருச்சு. அன்னிக்கு நான் வூட்டுலதான இருந்தேன்? நாலு போலீசு வந்தாங்க, தலையாரி வந்தாரு. நீங்க எங்கருந்தீங்க? திரும்பி வந்து அந்த மூலையவே பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஒரு பொம்பள அங்க நின்னுட்டுதான் இருக்கான்னு தோணும். அப்பறம் ஒரு சாமானும் அங்க வெக்கிறதில்ல."

"அந்த இடத்தில் அன்று என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"தூளி. எம் ரெண்டாவது புள்ளைக்கு அப்ப நாலு மாசம். அது அங்கதான் தூங்கிட்டு இருந்துச்சு. நீங்க நின்னேன்னு சொன்ன எடத்துல தூளி தொங்குச்சும்மா. எங்க வக்கீலு கோர்ட்டுல கேட்டாரு. தூளிக்கு யாரு சாட்சின்னுட்டாங்க."

விட்டத்தில் கொக்கி இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் மீது தப்பில்லை, அப்படித்தானே?" என்றேன். அவள் ஆமாம் என்று சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் யோசித்தாள். "அது எனக்குத் தெரியாதும்மா. அந்த மூட்டைய யாரு வெச்சாங்க, இவரு வெச்சாரா, அவங்களே கொண்டாந்தாங்களா, நான் பாக்கல. பாக்காதத நான் எப்படிச் சொல்றது? ஆனா நீங்க வரல. அது எனக்குத் தெரியும்."

முப்பத்தாறு வருஷம் நான் வகுப்பில் சொன்னதை, ஈ ஓட்டிய கம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அன்று தூளியில் கிடந்த சின்னப் பெண் வாசலில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

வைரக்கண்ணுவின் வக்கீலைப் பார்த்தேன். மாடியில் சிறிய அறை. விசிறி சத்தம் போட்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"அப்பீல்ல புதுசா சாட்சியம் எடுக்கச் சொல்லி மனு போடலாம். கோர்ட் ஒத்துக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். அன்னிக்குப் பொய் சொன்னவங்க இன்னிக்கு நெசம் சொல்றாங்கன்னு எப்படி நம்புறதுன்னு கேப்பாங்க. உங்க மேல பொய்ச்சாட்சி வழக்கு நிச்சயம் வரும். பென்ஷனுக்கும் ஆபத்து. தெரிஞ்சுதான பேசுறீங்க?"

தெரியும் என்றேன். தேர்வு அறைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கும், பள்ளியில் கேட்கலாம் என்றேன்.

வாக்குமூலத்தை நானே எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பிரமாதமா எழுதியிருக்கீங்கம்மா. இந்த எடம் பாருங்க, 'ஏழு ஆண்டுகளாக என் கையெழுத்து ஒரு மனிதனின் கழுத்தில் தொங்குகிறது'. ஜட்ஜே உருகிடுவாரு."

திருப்பி வாங்கி அந்த வரியை அடித்தேன். பிறகு அதற்கு மேலே இருந்ததையும், கீழே இருந்ததையும். கடைசியில் நான்கு வாக்கியங்கள் மிஞ்சின. இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான் நடந்தது என்றேன்.

மையத்துக்குப் போய் நடேசபாண்டியனிடமும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "இந்த வயசுல ஏன் டீச்சர் இப்படி? சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது?" கோபம் என்று சொல்ல முடியாது. பயந்திருந்தார். ஜீப் தரவில்லை. வெளியே வந்தபோது மைதானத்தில் அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். வரிசையைக் கலைக்காமல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டாள். பஸ்ஸில் வந்தேன்.

ஜூலை 3, புதன்

மனுத் தாக்கல் ஆகிவிட்டது என்று காலையில் வக்கீல் சொன்னார். மாலையில் செவந்தி போன் செய்தாள்.

"வக்கீலு சொன்னாரும்மா. எழுதிக் குடுத்துட்டீங்களாமே."

"ஆமாம்மா."

"வூட்டுல எல்லாத்தையும் ஒதுக்குனேன். அந்த எடத்துல சின்னவளுக்குப் பாயி போட்டேன். படுக்க மாட்டேங்குறா. டீச்சரு போயிட்டாங்களான்னு கேக்குறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா, நீங்களே சொல்லுங்கம்மா."

போன் கை மாறியது. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் காகச் சத்தம்.

"பாப்பா" என்றேன். "நான் உங்க வீட்டுக்கு அன்னிக்கு ஒரு நாள்தான் வந்தேன். டீ குடிச்சேனே, அன்னிக்கு. அதுக்கு முன்னாடி வந்ததே இல்லம்மா. அந்த மூலையில நான் நின்னதே இல்ல."

அந்த வீட்டாரிடம் இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள், அம்மாவுக்குக் கேட்காதபடி வாயைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"